நாம் ஏன் விழாமல் நிற்கிறோம்?

கொலுப் படியில் வைக்கிற தஞ்சாவூர்ப் பொம்மையைக் குழந்தைகள் எத்தனை தடவை தள்ளிவிட்டாலும், இப்படியும் அப்படியும் ஆடிவிட்டு மறுபடி நிமிர்ந்துவிடும். அதில் மந்திரம் ஒன்றும் இல்லை. அடிப்பாகம் உருண்டையாகவும் கனமாகவும் இருக்கிறது. மேல்பாகம் லேசாக இருக்கிறது. பாரம் முழுதும் கீழே இருப்பதால் அதற்கு விழவே தெரியாது.

நம் சமாசாரம் நேர் எதிர். நமக்குப் பாரமெல்லாம் மேலே. தலை மட்டுமே நாலரை, ஐந்து கிலோ இருக்கும். தாங்குவதோ இரண்டே இரண்டு பாதம். நியாயமாகப் பார்த்தால் நாம் நிமிஷத்துக்கு ஒரு தடவை விழ வேண்டும்! துடைப்பத்தை உள்ளங்கையில் செங்குத்தாக நிறுத்திப் பிள்ளைகள் வேடிக்கை காட்டுவார்கள், பார்த்திருப்பீர்கள். துடைப்பம் சாயச் சாயக் கையும் அந்தப் பக்கம் நகர்ந்துகொண்டே இருக்கும். கை ஒரு நொடி சும்மா இருந்தால் துடைப்பம் கீழே. நம் உடம்பைப் பொறுத்தவரை அந்தக் கை, மூளைதான். காலை எழுந்ததிலிருந்து இரவு படுக்கும்வரை, நாம் நினைக்காமலே, அது இந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

இந்த விஷயத்தை நான் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தது என் மாமியாரால்தான். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன். முதலில் நாம் நிற்பதன் சூட்சுமத்தைப் பார்ப்போம்.

மூன்று சாட்சிகள்

உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று மூளைக்கு எப்படித் தெரியும்? மூன்று சாட்சிகள் வந்து சொல்கின்றன. ஒன்று, கண். இரண்டாவது, பாதமும் மூட்டுகளும் தசைகளும். மூன்றாவது, காது. காது என்றால் நாம் தோடு போட்டுக்கொள்கிற காது இல்லை. அதற்கும் உள்ளே, மண்டை எலும்புக்குள் பத்திரமாகப் புதைந்திருக்கிற உள்காது.

அந்த உள்காதில் மூன்று சின்னஞ்சிறு அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன. ஓர் அறையின் மூலையில் இரண்டு சுவரும் தரையும் சேருமே, அதைப் போல மூன்றும் மூன்று திசையில் அமைந்திருக்கின்றன. உள்ளே திரவம். தலையை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஏதாவது ஒரு குழாயில் திரவம் அசைந்து, அங்கிருக்கிற மெல்லிய ரோமங்களை வளைக்கிறது. உடனே மூளைக்குச் செய்தி போகிறது.

குழந்தைகள் தட்டாமாலை சுற்றிவிட்டு நின்றால் வீடே சுற்றுகிறது என்று சிரிக்கிறார்களே, ஏன்? மோர் கடைந்துவிட்டு மத்தை வெளியே எடுத்தாலும் பாத்திரத்தில் மோர் சற்று நேரம் சுழன்றுகொண்டே இருக்கும் இல்லையா? அதே கதைதான். பிள்ளை நின்றுவிட்டான், அவன் காதுக்குள் இருக்கிற திரவம் இன்னும் நிற்கவில்லை.

குழாய்களோடு இரண்டு சிறு பைகளும் உண்டு. அவற்றுக்குள் பிசின் போன்ற ஒரு படலத்தின் மேல் நுண்ணிய கற்கள் ஒட்டியிருக்கின்றன. கிளிஞ்சலில் இருக்கிற அதே சுண்ணாம்புப் பொருளால் ஆனவை. தலை சாய்ந்தால் இந்தக் கற்கள் பாரத்தால் சரிந்து, எது மேல், எது கீழ் என்று சொல்கின்றன. கண்ணை மூடிக்கொண்டு மின்தூக்கியில் போனாலும் மேலே போகிறோமா, கீழே இறங்குகிறோமா என்று நமக்குத் தெரிவது இதனால்தான்.

இதைக் கண்டுபிடித்த வரலாறும் சுவாரசியமானது. வியன்னா நகரில் ராபர்ட் பாரானி என்று ஒரு காது டாக்டர் இருந்தார். நோயாளிகளின் காதைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவும்போது சிலர் தலை சுற்றுகிறது என்றார்கள். கூர்ந்து பார்த்தார். தண்ணீர் குளிர்ந்திருந்தால் கண்கள் ஒரு பக்கமாகத் துடித்தன. சூடாக இருந்தால் எதிர்ப் பக்கமாகத் துடித்தன. தண்ணீரின் சூடும் குளிர்ச்சியும் உள்காதின் திரவத்தை அசைக்கின்றன என்று புரிந்துகொண்டார். அதற்காக 1914-ஆம் ஆண்டின் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. செய்தி வந்தபோது அவர் முதல் உலகப் போரில் ரஷ்யர்களிடம் கைதியாக இருந்தார்!

மூளை போடுகிற கணக்கு

இப்போது ஒரு சின்னச் சோதனை. இந்தப் பத்திரிகையை அசைக்காமல் பிடித்துக்கொண்டு, தலையை மட்டும் 'இல்லை, இல்லை' என்பது போல வேகமாக ஆட்டியபடி இந்த வரியைப் படியுங்கள். படிக்க முடிகிறது அல்லவா? அடுத்து, தலையை அசைக்காமல் பத்திரிகையை அதே வேகத்தில் ஆட்டிப் பாருங்கள். எழுத்தெல்லாம் கலங்கிவிடும். தலை அசையும்போது, உள்காது சொன்ன கணமே கண்கள் எதிர்ப் பக்கம் நகர்ந்து வரியைப் பிடித்துக்கொள்கின்றன. இதற்கு ஆகும் நேரம் ஒரு விநாடியில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு. யோசித்துச் செய்கிற காரியமே இல்லை. இப்படி நம் உத்தரவுக்குக் காத்திராமல் உடம்பு தானே செய்வதைத்தான் அனிச்சைச் செயல் என்கிறோம்.

நிற்பதிலும் இதே மாதிரிதான். அசையாமல் நிற்கிறோம் என்று நினைக்கிறோமே, உண்மையில் முன்னும் பின்னும் கொஞ்சம் கொஞ்சம் ஆடிக்கொண்டேதான் இருக்கிறோம். உடம்பு முன்னால் சாய்ந்தால் கெண்டைக்கால் தசை இழுபடும். இழுபட்டதும் தானாகச் சுருங்கி உடம்பைப் பின்னுக்குக் கொண்டுவரும். இது போதாவிட்டால் இடுப்பு வளைந்து சரிசெய்யும். அதுவும் போதாவிட்டால் கால் ஓர் எட்டு முன்னால் வைக்கும். எல்லாம் தவறினால் கை நீண்டு தரையை ஊன்றும். வரிசையாக இத்தனை காவல் நமக்கு இருக்கிறது.

இதையெல்லாம் ஒழுங்குபடுத்துவது தலையின் பின்பக்கம், பிடரிக்கு மேலே இருக்கிற சிறுமூளை. அது நடந்ததைச் சரிசெய்வதோடு நிற்பதில்லை. நடக்கப் போவதையும் முன்கூட்டியே கணக்குப் போட்டுவிடும். நிறைகுடம் என்று நினைத்து வெறும் குடத்தைத் தூக்கியிருக்கிறீர்களா? குடம் வெடுக்கென்று மேலே வந்து நம்மைத் தடுமாற வைக்கும். கை தூக்குவதற்கு முன்னாலேயே முதுகும் காலும் நிறைகுடத்துக்கான பலத்தைத் திரட்டி வைத்துக்கொண்டதுதான் காரணம். குடித்தவன் தள்ளாடுவது கூடக் கால் தளர்ந்ததால் அல்ல. மது இந்தச் சிறுமூளைக் கணக்கில் கை வைப்பதால்தான்.

மூன்று சாட்சிகளும் ஒரே மாதிரி சொல்லும்வரை மூளைக்குக் குழப்பம் இல்லை. மாற்றிச் சொன்னால்தான் வம்பு. மலைப்பாதைப் பேருந்தில் போகும்போது பிள்ளை குனிந்து படக்கதை படிக்கிறான். கண் 'எதுவும் அசையவில்லை' என்கிறது. காது 'வளைந்து வளைந்து போகிறோம்' என்கிறது. குமட்டல், வாந்தி! அவனை முன் இருக்கையில் உட்காரவைத்து, தூரத்தில் தெரிகிற சாலையைப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு சாட்சிகளும் ஒத்துப்போனால் குமட்டல் தணியும்.

குழந்தை படிக்கிற முதல் பாடம்

கைக்குழந்தை வைத்திருக்கிற சகோதரிகளுக்குச் சில வார்த்தைகள்.

பிறந்த குழந்தையைப் படுக்க வைக்கும்போது தலை கொஞ்சம் சரிந்தாலோ, பக்கத்தில் டமாலென்று சத்தம் கேட்டாலோ, இரண்டு கையையும் விரித்து, பிறகு அணைப்பது போலச் சேர்த்து அழும். 'குழந்தை பயந்துட்டுது' என்று வேப்பிலை அடிப்பதும் தாயத்துக் கட்டுவதும் உண்டு. இது பயம் இல்லை. கூடப் பிறந்த அனிச்சைச் செயல். விழுகிறோம் என்று காது சொன்னதற்கு மூளை கொடுக்கிற பதில். நான்கு முதல் ஆறு மாதத்துக்குள் தானாக மறைந்துவிடும். ஆனால் ஒரு கை விரிந்து மற்றொரு கை விரியவில்லை என்றால் டாக்டரிடம் அவசியம் காட்டுங்கள்.

மூன்று, நான்கு மாதத்தில் தலை நிற்கிறது. பிறகு குப்புறக் கவிழ்தல், உட்காருதல், தவழுதல். எட்டு, ஒன்பது மாதத்தில் இன்னொரு அனிச்சைச் செயல் வருகிறது. குழந்தை முன்னால் விழப்போனால் இரண்டு கையும் சட்டென்று நீண்டு தரையை ஊன்றும். முன் சொன்ன வரிசையில் கடைசிக் காவல் இதுதான். நடை பழகுவதற்கு முன்பே இது வந்துவிடுவதும், ஆயுள் முழுதும் கூடவே இருப்பதும் ஆச்சரியம் இல்லையா?

சாதாரணமாக ஒரு வயதை ஒட்டிக் குழந்தை தனியாக நடக்கும். சில குழந்தைகள் ஒன்றரை வயது வரை எடுத்துக்கொள்ளும். அதற்கு மேலும் நடக்காவிட்டால் டாக்டரைப் பார்க்க வேண்டும். பக்கத்து வீட்டுக் குழந்தை பத்து மாதத்தில் நடந்துவிட்டதே என்று, உட்கார்ந்தபடி உருட்டிக்கொண்டு போகிற வாக்கரில் குழந்தையைப் போட வேண்டாம். அதில் உட்கார்ந்த குழந்தைக்குத் தன் பாரத்தைத் தானே தாங்குகிற பழக்கம் வருவதில்லை. படியில் உருண்டு விழுகிற ஆபத்து வேறு. கனடா நாட்டில் 2004-ஆம் ஆண்டிலேயே இதன் விற்பனையைத் தடை செய்துவிட்டார்கள். நம் தச்சர்கள் செய்து கொடுத்த மூன்று சக்கர மர நடைவண்டி அப்படி இல்லை. அதில் குழந்தை தன் காலில் நின்று, தானே தள்ளிக்கொண்டு போகிறது. பக்கத்தில் பெரியவர் ஒருவர் இருந்தால் போதும். எல்லாவற்றையும்விட நல்லது, விழித்திருக்கும்போது பாயை விரித்துக் குழந்தையைக் குப்புறப் போட்டு விளையாட விடுவதுதான்.

நடை பழகுகிற குழந்தை ஒரு நாளில் எத்தனை முறை விழுகிறது என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு விழுதலிலும் மூளை ஒரு பாடம் படிக்கிறது. நிற்பது பழக்கத்தால் வருகிற வித்தை. பழக்கத்தால் வந்தது, பழக்கம் விட்டால் போகவும் போகும். இதை நான் கண்ணெதிரே பார்த்தது என் மாமியாரிடம்.

அத்தைக்கு வந்த தலைசுற்றல்

அத்தைக்கு 72 வயது. ஒரு நாள் விடியற்காலையில் வலது பக்கம் புரண்டு படுத்தவர், 'ஐயோ, கட்டில் கவிழுது' என்று அலறினார். ஒரு நிமிஷத்துக்குள் சரியாகிவிட்டது. மறுநாளும் அப்படியே. பரணில் இருந்த டப்பாவை அண்ணாந்து பார்த்தாலும், கோலம் போடக் குனிந்தாலும் சுற்றியது. தெருவில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். பித்தம் என்றார்கள், ரத்தக்கொதிப்பு என்றார்கள், வெறும் வயிறு என்றார்கள். இஞ்சிச் சாறு, சுக்குக் கஷாயம், தலைசுற்றலுக்கு மாத்திரை எல்லாம் ஆயிற்று. அத்தை படுக்கவே பயந்து, இரண்டு மாதம் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கினார். நாள் தவறாமல் கோயிலுக்குப் போனவர், வாசற்படி தாண்டுவதை நிறுத்தினார். பேரன் காலைக் கட்டிக்கொண்டால் 'தள்ளிப் போடா, விழுந்துடுவேன்' என்று விலக்கினார். அதுதான் எனக்கு மனசைச் சுட்டது.

"டாக்டர்கிட்டப் போகலாம் அத்தை" என்றால், "ஏம்மா, வயசானா இதெல்லாம் வரத்தானே செய்யும்? எனக்குப் போய் எதுக்குத் தண்டச் செலவு?" என்பார்.

"வயசுன்னா நாள் பூரா இல்ல அத்தை சுத்தணும்? உங்களுக்குப் புரண்டு படுத்தா மட்டும்தானே சுத்துது. இது வேற ஏதோ. ஒரு தடவை காட்டிட்டு வந்துடுவோம்" என்று பிடிவாதமாக அழைத்துப் போனேன்.

காது, மூக்கு, தொண்டை டாக்டர் அத்தையைக் கட்டிலில் உட்காரவைத்தார். தலையை வலது பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு, சட்டென்று மல்லாக்கப் படுக்க வைத்தார். தலை கட்டிலின் விளிம்புக்கு வெளியே சற்றுத் தொங்கியது. அத்தையின் கருவிழிகள் இரண்டும் ஒரே பக்கமாக வெட்டி வெட்டித் துடித்ததை நானே பார்த்தேன். "இதோ தெரியுது பாருங்கம்மா, காதுக்குள்ள கல் நகர்ந்திருக்கு" என்றார் டாக்டர்.

உள்காதின் பைகளில் சுண்ணாம்புக் கற்கள் ஒட்டியிருக்கும் என்று முன்பு சொன்னேன் அல்லவா? வயதாகும்போதோ, தலையில் அடிபட்டோ, சில சமயம் காரணமே இல்லாமலோ அவற்றில் சில உதிர்ந்து அரைவட்டக் குழாய்க்குள் போய்விடும். தலையைத் திருப்பும்போதெல்லாம் அவை உருண்டு திரவத்தை அசைக்க, தலை சுற்றுவதாக அந்தக் காது பொய்ச் சாட்சி சொல்லும். ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, இது அதிகம் வருகிறது.

இதற்கு அறுவை சிகிச்சை வேண்டாம், ஊசி வேண்டாம். அமெரிக்க டாக்டர் ஜான் எப்லி 1980-இல் எடுத்துச் சொல்லி, 1992-இல் விரிவாக எழுதிய ஒரு முறை இருக்கிறது. தலையை ஒரு வரிசைப்படி திருப்பித் திருப்பிப் பிடித்து, கற்களை அவை வந்த வழியே உருட்டிப் பைக்குள் சேர்த்துவிடுவது. தாயக்கட்டையைக் குழலுக்குள் சாய்த்துச் சாய்த்து வெளியே எடுப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் பத்து நிமிஷம் கூட ஆகவில்லை. அடுத்த வாரம் இன்னொரு முறை செய்தார். மூன்றாம் நாள் இரவு நான் எழுந்து பார்த்தபோது, அத்தை கட்டிலில் வலது பக்கம் ஒருக்களித்து நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

ஆனால் இதை வீட்டில் நாமே செய்து பார்க்கக் கூடாது. எந்தக் காதில், எந்தக் குழாயில் என்று டாக்டர் பார்த்துத்தான் செய்ய வேண்டும். கழுத்து எலும்புத் தொந்தரவு உள்ளவர்களுக்கு இன்னும் ஜாக்கிரதை வேண்டும். இன்னொன்று. தலைசுற்றலோடு பேச்சுக் குழறினால், முகம் கோணினால், ஒரு கையோ காலோ மரத்துப் போனால், பார்வை இரண்டாகத் தெரிந்தால், அது காது விஷயம் இல்லை. பக்கவாதமாக இருக்கலாம். ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் 108-ஐக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

கல் போயிற்று, பயம் போகவில்லை

தலைசுற்றல் நின்ற பிறகும் அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார். டாக்டரிடம் கேட்டேன். "இரண்டு மாசம் உட்கார்ந்தே இருந்துட்டாங்க. காது சொல்றதை மூளை நம்புறதை விட்டுடுச்சு. மறுபடி பழக்கணும்" என்றார்.

விண்வெளிக்குப் போய் வருகிறவர்களுக்கும் இதே கதைதான். அங்கே எடை கிடையாது. உள்காதின் கற்களுக்கு மேல், கீழ் தெரியாது. மூளை அந்தச் சாட்சியை ஒதுக்கிவிடும். பல நாள் தங்கிவிட்டுப் பூமிக்கு இறங்கினால், திடமான வாலிபர்கள் கூட முதலில் தடுமாறுகிறார்கள். நம் ராகேஷ் சர்மா 1984-இல் விண்வெளிக்குப் போனபோது, எடையின்மைக்கு உடம்பு ஈடுகொடுக்கிறதா என்று பார்ப்பதற்காக அங்கே யோகாசனம் செய்தார் என்பது பலருக்கு ஞாபகம் இருக்கும். ஒரு வாரம் காய்ச்சலில் படுத்து எழுந்த பாட்டி தள்ளாடுவதும் பெருமளவு பழக்கம் விட்டதால்தான். அவரை மேலும் உட்காரவைத்துவிடுவது பரிவு ஆகாது. கைப்பிடித்து நடக்க வைப்பதுதான் பரிவு.

அத்தைக்கு நாங்கள் செய்த பயிற்சி பெரிதாக ஒன்றும் இல்லை. கனமான நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது பத்து முறை. பிறகு ஒரு விரல் மட்டும் நாற்காலியில் வைத்துக்கொண்டு ஒற்றைக் காலில் சில விநாடி நிற்பது. கண்ணெதிரே நீட்டிய கட்டை விரலைப் பார்த்தபடி தலையை மெதுவாக இரு பக்கமும் திருப்புவது. கடைசியாக, கூடத்தில் சுவர் ஓரமாக அடிப்பிரதட்சிணம். ஆமாம், கோயிலில் வேண்டுதலுக்குச் செய்வோமே, ஒரு காலின் விரல் நுனியோடு மறு காலின் குதிகால் ஒட்டும்படி அடி அடியாக வைப்பது, அதேதான்! சிறுமூளை சரியாக இருக்கிறதா என்று பார்க்க டாக்டர்கள் நடக்கச் சொல்கிற நடையும் அதுவே. முதல் பத்து நாள் நான் பக்கத்திலேயே நின்றேன். ஆறு வாரத்தில் அத்தை பேரன் கையைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்குப் போனார். அவன் அவரைப் பிடித்திருந்தானா, அவர் அவனைப் பிடித்திருந்தாரா, எனக்குத் தெரியாது.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால்

65 வயதைத் தாண்டியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் ஆண்டுக்கு ஒரு முறையாவது விழுகிறார். உலகம் முழுதும் ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர் விழுந்ததனால் இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. விபத்துச் சாவுகளில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். ஐம்பது, அறுபதில் விழுகிறவர்களுக்குக் கை நீண்டு தாங்கிவிடும், மணிக்கட்டு உடையும். எண்பதில் கை நீளுவதற்குள் உடம்பு தரையில். இடுப்பு எலும்பு உடையும்.

அதனால் சிலவற்றைக் கவனித்து வையுங்கள். முகத்துக்குச் சோப்புப் போட்டுக் கண்ணை மூடும்போது பெரியவர் தள்ளாடுகிறாரா? பாதம் சொல்கிற சாட்சி குறைந்துவிட்டது என்று பொருள். அவர் இதுவரை கண்ணை நம்பித்தான் நின்றிருக்கிறார். 19-ஆம் நூற்றாண்டில் பெர்லின் நகர டாக்டர் ரோம்பெர்க் கண்டுசொன்ன பரிசோதனையும் இதுதான்: கண்ணை மூடி நிற்கச் சொல்லிப் பார்ப்பது. சர்க்கரை வியாதி பல வருஷம் இருந்தாலும் பாதம் மரத்துப் போகும். இப்படிப்பட்டவருக்கு இருட்டுதான் எதிரி. ராத்திரி அவர் படுக்கையிலிருந்து கழிவறை வரை ஒரு சின்ன விளக்கு எரியட்டும்.

படுக்கையிலிருந்து சட்டென்று எழ விடாதீர்கள். எழுந்து நின்றதும் அரை லிட்டருக்கு மேல் ரத்தம் கால் பக்கம் இறங்குகிறது. ரத்தக் குழாய்களைச் சுருக்கி அதைத் தலைக்கு அனுப்புவதும் ஓர் அனிச்சைச் செயல்தான். வயதானால் அது மெதுவாக நடக்கும். உட்கார்ந்து, காலைத் தொங்கவிட்டு, ஒரு நிமிஷம் கழித்து எழட்டும். ரத்தக்கொதிப்பு மாத்திரை, தூக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் எழுந்தால் தலை கிறுகிறுக்கிறது என்றால் அதை டாக்டரிடம் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். குளியலறையில் ஒரு கைப்பிடி; பாசி பிடிக்காத தரை; வழுக்கி ஓடுகிற மிதியடியை எடுத்துவிடுவது. இவ்வளவு செய்தாலே ஆபத்து குறையும்.

போகிறவரைப் பின்னாலிருந்து கூப்பிடாதே என்று நம் வீடுகளில் சொல்வார்கள். சகுனத்துக்குச் சொன்னதாக இருக்கட்டும். வயதானவர்கள் விஷயத்தில் அது ரொம்பப் பொருத்தம். ஸ்வீடனில் 1997-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், பேச்சுக் கொடுத்ததும் நடையை நிறுத்திவிடுகிற முதியவர்கள் அடுத்த ஆறு மாதத்தில் அதிகம் விழுந்தார்கள் என்று கண்டார்கள். அவர்களுக்கு நடப்பதற்கே மூளையின் முழுக் கவனமும் தேவைப்படுகிறது. மாமனார் நடந்துகொண்டிருக்கும்போது 'காப்பி போடட்டுமா மாமா' என்று பின்னாலிருந்து கேட்காமல், அவர் உட்கார்ந்த பிறகு எதிரே வந்து கேளுங்கள்.

நமக்கும் நாள் இருக்கிறது

மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசு பாறையில், ஒற்றைக் காலில் நின்று தவம் செய்கிற முனிவரைப் பார்த்திருப்பீர்கள். கீழே ஒரு பூனையும் அவரைப் போலவே கையைத் தூக்கி நிற்கும். ஒற்றைக் காலில் நிற்பது அப்படி ஒன்றும் அற்ப விஷயம் இல்லை. பிரேசில் நாட்டில் 51 முதல் 75 வயதுள்ள 1,702 பேரை ஒற்றைக் காலில் 10 விநாடி நிற்கச் சொன்னார்கள். ஐந்தில் ஒருவரால் முடியவில்லை. அப்படி முடியாதவர்களிடையே, அடுத்த சில ஆண்டுகளில் இறந்தவர்களின் விகிதம் அதிகமாக இருந்ததாக 2022-இல் எழுதினார்கள். நிற்க முடியாததே சாவுக்குக் காரணம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. உடம்புக்குள் பல உறுப்புகள் ஒத்துழைக்கின்றனவா என்பதை அந்தப் பத்து விநாடி காட்டிவிடுகிறது.

நாற்பது வயதைத் தாண்டிய நமக்கு இது பழக நல்ல சமயம். தனியாக நேரம் ஒதுக்க வேண்டாம். பல் தேய்க்கும்போது, ஒரு கை தொட்டியின் விளிம்பைத் தொட்டபடி, வலது காலில் கொஞ்ச நேரம், இடது காலில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். தரை ஈரமாக இருந்தால் வேண்டாம். அடுப்புப் பக்கத்திலும் வேண்டாம். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழ முடிகிறதா என்று பாருங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் இதை விட்டுவிடலாம். மாலையில் அரை மணி நடந்து வாருங்கள்.

வீட்டில் ஒருவர் விழுந்தால் வீடே படுத்துவிடுகிறது; அதன் பாரம் முதலில் நம் தலையில்தான் இறங்குகிறது. யாராவது 'தலை சுத்துது' என்று சொன்னால், வயசாச்சு என்று முடித்துவிடாமல் எப்போது சுற்றுகிறது, எவ்வளவு நேரம் சுற்றுகிறது, எந்தப் பக்கம் திரும்பினால் சுற்றுகிறது என்று மூன்றே கேள்வி கேளுங்கள். பதிலை ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு டாக்டரிடம் போங்கள். அவர் வேலையில் பாதியை நீங்கள் முடித்துக் கொடுத்ததாக ஆகும்.